காது குத்தலாமா?

கேள்வி: ‘பெர்ஃபொரேட்’ என்றால் துளை போடுவது என்கிறார்கள். காது குத்துவதற்கும் அதையே சொல்லலாமா?

பதில்: சொல்லிப் பாருங்கள், தாய்மாமன் எழுந்து ஓடிவிடுவார்! காதுக்கு ‘பியர்ஸ்’, சுவருக்கு ‘டிரில்’. ‘பெர்ஃபொரேட்’ பெரும்பாலும் வரிசையாகப் பொடிப்பொடித் துளைகள் இடுவது. டாக்டர்கள் மட்டும் விதிவிலக்கு. குடலில் ஒரே ஓட்டை விழுந்தாலும் ‘பெர்ஃபொரேஷன்’தான். ஓட்டை ஒன்றானாலும் பில் ஒன்பது பக்கம்.

தபால்தலையின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், அர்த்தம் விரலிலேயே தட்டுப்படும். 1840இல் பிரிட்டனில் வந்த ‘பென்னி பிளாக்’ தபால்தலைக்கு அந்தத் துளைகள் கிடையாது. ஒரு தாளில் 240 தலைகள். கத்திரிக்கோலும் கையுமாக உட்கார வேண்டியதுதான். அயர்லாந்துக்காரர் ஹென்றி ஆர்ச்சர் துளையிடும் இயந்திரத்துக்கு வழிகாட்ட, 1854 முதல் பிரிட்டனில் ‘சர்’ரென்று கிழித்து ஒட்டினார்கள்.

கம்பெனி முதலாளிகளுக்கு வேறு தலைவலி. ஆபீஸ் தபால்தலைகள் குமாஸ்தாக்களின் சட்டைப்பைக்குள் போய்க்கொண்டிருந்தன. அதற்கும் துளையே மருந்து. 1868 முதல் தலையின் நடுவிலேயே கம்பெனியின் முதலெழுத்துகளைப் பொட்டுப் பொட்டாகக் குத்தினார்கள். வெளியே விற்கப் போனால் ஆள் மாட்டிக்கொள்வான். தலையில் இருந்த ராணியின் முகத்தில் ஓட்டை விழுந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை.