ஊசியாரின் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் கைவராத பேராற்றலை ஒற்றைக் குப்பிக்குள் அடக்கி, ரசாயன ஆண்மை நீக்கம் என்னும் திருநாமம் பூண்டு இந்தோனேசியாவில் எழுந்தருளியிருக்கும் ஊசியாரின் மகிமையைச் சொல்லப் புகுந்தால் ஆயிரம் நாவுடைய ஆதிசேஷனுக்கும் மூச்சு வாங்கும்.

2016 ஏப்ரலில் பெங்குலு மாகாணத்தில், பள்ளிவிட்டு வீடு திரும்பிய 14 வயதுச் சிறுமி ஒருத்தி கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. அடுத்த மாதமே அன்றைய அதிபர் ஜோக்கோ விடோடோ அவர்கள், நாடாளுமன்றம் விவாதித்து முடிக்கட்டும் என்று வீணே காத்திராமல், ஊசியாரை வரவழைக்கும் அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்டருளினார். என்ன வேகம், என்ன தீர்க்கதரிசனம்! அந்தக் கொடுமையைச் செய்தவர்களில் பலர் பதினெட்டு நிரம்பாத பையன்கள். சட்டமோ சிறார்களுக்கு ஊசி இல்லை என்று விலக்கு அளித்தது. எந்தக் குற்றத்தின் பெயரால் ஊசியார் அவதரித்தாரோ, அதே வகைக் குற்றம் நாளை அதே வயதினரால் நடந்தாலும் அவர்களைத் தீண்டாத கண்ணியம் வேறெந்த ஆயுதத்துக்கு வாய்க்கும்?

பொறுமையிலும் அவருக்கு நிகர் அவரே. குற்றவாளி சிறைவாசத்தை முழுவதும் கழித்து வரும்வரை வாசலிலேயே காத்திருப்பார். பிறகு அதிகபட்சம் 2 ஆண்டுத் திருப்பணி. அதற்குமேல் ஒருநாளும் தங்கி யாருக்கும் பாரமாக மாட்டார். மருந்தை நிறுத்தினால் டெஸ்டோஸ்டிரோன் மறுபடி ஊறத் தொடங்கும். வாங்கி வைத்த வேட்கையை உரியவரிடமே திருப்பி ஒப்படைத்துவிட்டு விடைபெறும் இந்த நாணயத்தை அடகுக்கடையில்கூடக் காண முடியாது.

2019-இல் கிழக்கு ஜாவாவின் மோஜோகெர்த்தோ நீதிமன்றம் ஒருவருக்கு 12 ஆண்டுச் சிறையோடு ஊசியையும் வழங்கிக் கௌரவித்தது. அதை எப்படி நிறைவேற்றுவது என்ற அற்ப விவரம் அடங்கிய அரசு விதிமுறை வந்ததோ 2020 டிசம்பரில். மேதைகள் இப்படித்தான், முடிவை முன்னால் எழுதிவிட்டு வழியைச் சாவகாசமாகத் தேடுவார்கள்.

இந்தோனேசிய மருத்துவர் சங்கத்தார் மட்டும், நோய் தீர்க்கக் கற்ற கையால் தண்டனை நிறைவேற்றுவது தொழில் நெறிக்கு ஒவ்வாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பாவம், பழங்காலத்து மனிதர்கள். கோளாறு உள்ளதா என்று ஆளைப் பரிசோதித்து, சம்மதம் பெற்று, மருந்தோடு மனநல சிகிச்சையையும் விடாமல் தொடரவேண்டும் என்பது மருத்துவர்களின் பாடம். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு ஓசையில்லாமல் வேலை நடந்தால் மக்கள் கைதட்டுவது எப்போது? கைதட்டாத மக்களை வைத்துக்கொண்டு ஓர் அரசு என்னதான் செய்யும்?

ஊசியாரின் ஒருமுகத் தவத்தையும் சொல்லியாகவேண்டும். அவர் கண்ணுக்குத் தெரிவது ரத்தத்தில் ஓடும் ஹார்மோன் ஒன்றே. அதிகாரம், மிரட்டல், மதுவெறி, பெண்ணென்றால் இளப்பம் என்ற சில்லறைகளில் அவர் கவனம் சிதறுவதில்லை. குழந்தைகளைச் சீரழிப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிந்தவர்கள். மானம் போய்விடுமென்று குடும்பமே வாயைப் பொத்திக்கொள்ளும். புகார் கொடுக்காத வீட்டுக்குள் ஊசியார் ஒருபோதும் அழையா விருந்தாளியாக நுழைந்ததில்லை. அத்தனை பண்பு.