மர்ஃபி என்னும் பெயர்ச்சொல்: தோற்றமும் திரிபும் உருளைக்கிழங்கும்

ஆய்வுச் சுருக்கம்

அயர்லாந்தில் கையை வீசி நடந்தால் ஒரு மர்ஃபி மேல் படும். 1890-ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்து ராபர்ட் மதீசன் என்ற அதிகாரி கணக்குப் போட்டபோது, அந்நாட்டில் சுமார் 62,600 மர்ஃபிகள் தேறினார்கள். ஏறத்தாழ 75 பேருக்கு ஒருவர். இரண்டாமிடத்துக் கெல்லிகள் 55,900 பேர்தான். இன்றைக்கும் முதலிடம் மர்ஃபிக்கே.

ஓர் ஆளை இன்னோர் ஆளிடமிருந்து பிரித்துக் காட்டத்தான் குடும்பப் பெயர் என்ற ஏற்பாடே வந்தது. ஊரே வைத்துக்கொண்ட பெயர் எவரை எவரிடமிருந்து பிரிக்கும்? இஃது ஆய்வுச் சிக்கல். பெயர் பரவப் பரவப் பொருள் தேயும். முற்றும் தேய்ந்தபின் அது உருளைக்கிழங்காகும். இது கருதுகோள். மாயவரத்துக்காரர் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி நியாயமானது. அதற்குரிய விடை, ஆய்வு மரபுப்படி, கடைசியில் நலன்முரண் அறிவிப்பில் ஒப்புக்கொள்ளப்படும்.

இயல் 1: சொல் பிறந்த கதை

மர்ஃபி என்பது ஆங்கிலேயர் வாயில் அரைபட்ட வடிவம். ஐரிஷ் மொழியின் பழைய எழுத்துப்படி அது ‘ஓ முர்கதா’. இன்றைய உச்சரிப்பில் ‘ஓ முரகூ’. ரகரத்துக்கும் ககரத்துக்கும் நடுவே ஓர் உயிரொலியை நுழைத்துக்கொள்வது ஐரிஷ்காரர் வழக்கம். தர்மத்தைத் தருமம் ஆக்கிய நாம் இதைக் குறை சொல்ல இயலாது.

முர்கத் என்பது ஓர் ஆளின் பெயர். அதில் இரு சொற்கள் புணர்ந்துள்ளன: ஒன்று கடல், மற்றொன்று போர். ஆகவே பொருள், கடலில் போர் செய்பவன். முன்னால் நிற்கும் ‘ஓ’ வியப்பிடைச்சொல் அன்று. பேரன் என்று பொருள்படும் பெயர்ச்சொல். எனவே ஓ முர்கதா என்பவன் கடற்போராளியின் பேரன். மகன் வழியில் பெயர் வைத்துக்கொண்டோர் ‘மக்’ என்றனர். பேரன் வழியினர் ‘ஓ’ என்றனர்.

இந்தப் பேரன் மரபு பழையது. எழுத்தரின் பேரன் என்று பொருள்படும் ஓ கிளேரி என்ற பெயருடைய ஒரு தலைவர் 916-இல் இறந்ததை ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. ஐரோப்பாவின் மிகப் பழைய குடும்பப் பெயர்களுள் அதுவும் ஒன்று என்பர். நமக்கு இதில் புதுமை இல்லை. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் தமிழில் அவன் பெயரன். அதுவே வாயில் புரண்டு பேரன் ஆயிற்று. நாம் உறவுக்குப் பெயரை வைத்தோம், அவர்கள் பெயருக்கு உறவை வைத்தார்கள்.

அது கிடக்க, தொண்டையில் பிறந்த ‘முரகூ’ உதட்டில் வந்து மர்ஃபி ஆனது எப்படி எனின், கூறுதும். ஆங்கிலேயர் தம் சொற்களிலேயே அந்தத் தொண்டை ஒலியை ஒழித்தவர்கள். சிரிப்பு, இருமல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் ஈற்றில் முன்பு தொண்டை கரகரத்தது. இன்று அங்கே உதடும் பல்லும் உரச, காற்று மட்டும் வருகிறது. ஐரிஷ்காரரின் பெயருக்கும் அதே கதி.

இங்கே ஒரு தமிழ்ச் சான்று தரலாம். ‘அஃது’ என்பதில் ஆய்தம் தொண்டைப் பக்கத்து ஒலி. இருபதாம் நூற்றாண்டில் அதைப் பிடித்து இழுத்துப் பகரத்துக்குக் காவலாக நிறுத்தி, ‘ஃப’ என்று உதட்டுவேலை கொடுத்துவிட்டோம். அயர்லாந்தில் அந்த ஒலி போன வழியிலேயே தமிழ்நாட்டில் இந்த எழுத்தும் போயிற்று. இரண்டும் சந்தித்துக்கொள்ளும் இடம் ‘மர்ஃபி’ என்ற தமிழ் எழுத்துக்கூட்டு. தொல்காப்பியர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மகளிர்க்கு இலக்கணம் வேறு. மகள் என்றால் ‘நீ வுரகூ’. மகரம் இளகி வகரம் ஆகிவிடும். மனைவி என்றால் ‘ஈ வுரகூ’. ஆக, ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஓ, அம்மாவுக்கு ஈ, பெண்ணுக்கு நீ. ‘நீ’ என்று தொடங்குவதால் மரியாதைக் குறைவு என்று கொள்ளற்க.

இயல் 2: முருகன் கொள்கையும் அதன் மறுப்பும்

கூர்மையான வாசகர் இந்நேரம் நாற்காலி நுனிக்கு வந்திருப்பார். ஓ முரகூ! ஓ முருகு! பொருளோ கடற்போர். செந்திலம்பதி கடற்கரையில் இருக்கிறது. சூரபத்மன் மாமரமாய் நின்றது கடல் நடுவே. வேல் பாய்ந்தது அங்கேதான். இந்த இடத்தை எழுதும்போது ஆய்வாளருக்கே கை நடுங்கிற்று. இதைவிடச் சிறிய ஒற்றுமையை வைத்துக்கொண்டு இங்கே முந்நூறு பக்க நூல்கள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு வெளியீட்டு விழாவும் நடந்திருக்கிறது.

ஆயினும் உண்மை கசப்பானது. ஐரிஷ் மொழியில் கடலைக் குறிக்கும் அச்சொல் லத்தீன் மொழியின் கடலுக்கு உடன்பிறப்பு. நம் முருகு என்பதற்கோ இளமை, அழகு, மணம் என்பவையே பொருள். அதில் ஒரு சொட்டுக் கடல்நீர் இல்லை. ஒலி ஒத்ததால் உறவு என்று ஏற்றால், அயர்லாந்துப் பெண்கள் எல்லோரையும் நாம் ஒருமையில் அழைத்ததாக ஆகும். கொள்கை கைவிடப்பட்டது. வருத்தம் கைவிடப்படவில்லை.

இயல் 3: பல பாட்டன்கள்

62,600 பேரும் ஒரே பாட்டனின் பேரன்களா? இல்லை. முர்கத் என்பது அந்நாளில் பலரும் விரும்பி வைத்த பெயர். தென்கிழக்கே வெக்ஸ்ஃபர்டில் ஒரு முர்கத், வடக்கே வேறு முர்கத்கள். வெக்ஸ்ஃபர்ட் கிளையிலிருந்து தென்மேற்கே கார்க் சீமைக்குப் போனவர்கள் அங்கே பல்கிப் பெருகினார்கள். திரைப்படத்தில் விஞ்ஞானி ஆப்பன்ஹைமராக நடித்து 2024-இல் ஆஸ்கர் வாங்கிய கிலியன் மர்ஃபி கார்க் சீமைக்காரர். முன்னோருக்குக் கடற்போர், இவருக்கு அணுகுண்டு.

‘மக்’ கிளையிலும் ஒரு முர்கத் உண்டு. அவ்வழி வந்த லென்ஸ்டர் மன்னர் டியர்மத் மக் முர்கதா 1166-இல் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார். ஆட்சியை மீட்க நார்மானியப் படையைக் கடல் கடந்து அழைத்து வந்தார். படைத்தலைவர் ஸ்ட்ராங்போவுக்கு மகளையும் கட்டிக்கொடுத்தார். வந்த படை திரும்பவில்லை. கடல் வழியாகப் போரை அழைத்து வந்த வகையில், பெயரின் பொருளை முழுமையாக நிறைவேற்றியவர் இவரே. அதற்காக ஐரிஷ்காரர் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆங்கில ஆட்சி வேரூன்றியபின் பெயர்களுக்குக் கெட்ட காலம். 1465-இல் வந்த ஒரு சட்டம், டப்ளினைச் சுற்றிய ஆங்கில எல்லைக்குள் வாழும் ஐரிஷ்காரர் ஊர், நிறம், தொழில் இவற்றால் ஆன ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. பின்வந்த நூற்றாண்டுகளில் ‘ஓ’வும் ‘மக்’கும் கொத்துக்கொத்தாக உதிர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் மொழிப்பற்று மீண்டபோது சல்லிவன்கள் பலர் ஓ’சல்லிவன் ஆனார்கள். கானர்கள் ஓ’கானர் ஆனார்கள். மர்ஃபிகள் மட்டும் அசையவில்லை. ஓ’மர்ஃபி என்று ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு. ஆக, பெயரிலிருந்து பேரன் போய்விட்டான். பாட்டன் மட்டும் எஞ்சினான். இக்குறிப்பு பின்னர் தேவைப்படும்.

இயல் 4: பொருள் தேய்ந்த வரலாறு

முதல் தேய்வு, கிழங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலக் கொச்சையில் மர்ஃபி என்றால் உருளைக்கிழங்கு. அயர்லாந்து ஏழைக்கு மூன்று வேளையும் அதுதான் உணவு என்பதால் வந்த நையாண்டி. 1845-இல் கிழங்குப் பயிரைப் பூஞ்சணம் போன்ற ஒரு நோய் தாக்கியது. தோண்டிய குழியில் கிழங்கு கருத்து, கூழாகி, நாறியது. கப்பல்களில் தானியம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1841-இல் ஏறக்குறைய 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சமாகச் சுருங்கியது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். மர்ஃபி இல்லாமல் மர்ஃபிகள் மாண்டார்கள் என்பதை எந்த நையாண்டிக்காரரும் எழுதிச் சிரிக்கவில்லை. கடற்போராளியின் பேரர்கள் கடைசியில் கடலைப் பார்த்தது இப்படித்தான்: கப்பலின் அடித்தட்டில் படுத்துக்கொண்டு. பெயர் உலகெங்கும் பரவிய காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அர்ஜென்டினாவின் சாண்டா ஃபே மாகாணத்தில் மர்ஃபி என்றே ஓர் ஊர் இருக்கிறது.

இரண்டாம் தேய்வு, கட்டில். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒற்றையறையில் குடியிருந்த வில்லியம் மர்ஃபி என்பவர், பகலில் சுவருக்குள் மடிந்துகொள்ளும் கட்டிலை உருவாக்கினார். அது மர்ஃபி கட்டில் எனப்பட்டது. பெயர் எங்கள் சொத்து என்று நிறுவனம் வழக்காட, 1989-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது: மக்கள் வாயில் அது மடக்குக் கட்டிலுக்கான பொதுச்சொல்லாகிவிட்டது என்று தீர்ப்பு. பெயர் பரவினால் பொருள் தேயும் என்ற நம் கருதுகோளுக்கு நீதிமன்ற முத்திரையே கிடைத்துவிட்டது.

மூன்றாம் தேய்வு, விலா. சிகாகோவின் அறுவை மருத்துவர் ஜான் பெஞ்சமின் மர்ஃபி பெயரால் ஒரு சோதனை உண்டு. வலப்பக்க விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தி, மூச்சை இழுக்கச் சொல்வார்கள். பித்தப்பையில் அழற்சி இருந்தால் இழுத்த மூச்சு பாதியில் நின்றுவிடும். மதுரையில் மருத்துவம் படிக்கும் மாணவர்க்கும் மர்ஃபி என்றால் இந்தப் பாதி மூச்சுதான்.

நான்காவது, உலகறிந்த விதி. 1949-இல் கலிஃபோர்னியப் பாலைவனத்து விமானப்படைத் தளத்தில், ராக்கெட் பொருத்திய சறுக்குவண்டியில் மனித உடல் எவ்வளவு வேகத்தையும் நிறுத்தத்தையும் தாங்கும் என்று சோதித்தார்கள். எட்வர்ட் மர்ஃபி என்ற பொறியாளர் கொண்டுவந்த அளவுக் கருவிகளை யாரோ தலைகீழாக இணைத்துவிட, சோதனை முடிவில் ஓர் அளவும் பதிவாகவில்லை. அன்று அவர் அலுத்துக்கொண்டதே, தவறாகப் போகக்கூடியது எதுவும் தவறாகவே போகும் என்ற விதியாயிற்று. அவர் சரியாக என்ன சொன்னார், விதியாக்கியவர் யார் என்பதில் அங்கிருந்தவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. மர்ஃபி விதியின் வரலாறு தவறாகப் பதிவானதைவிட அவ்விதிக்கு வேறு நிரூபணம் வேண்டுமா?

இயல் 5: இந்தியப் பரவல்

பெங்களூரு அல்சூரை ஒட்டி மர்ஃபி டவுன் என்ற பகுதி உண்டு. ஆங்கிலேயர் காலத்துப் பொறியாளர் ஒருவரின் பெயர். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கடற்போராளி பெயருள்ள அப்பேட்டையிலிருந்து கடலுக்கு எந்தத் திசையில் போனாலும் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது.

ஆனால் இந்தப் பெயரை நம் கூடத்தில் கொண்டுவந்து வைத்தது ரேடியோ. ஃபிராங்க் மர்ஃபி என்ற பொறியாளர் 1929-இல் இங்கிலாந்தில் கூட்டாகத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. உதட்டில் விரல் வைத்த குழந்தையின் படம் இந்தியா முழுக்க நாட்காட்டிகளில் தொங்கியது. அந்தக் குழந்தைதான் மர்ஃபி என்று நம்பியோர் பல லட்சம். 2012-இல் வந்த ‘பர்ஃபி’ இந்திப்படத்தின் நாயகனுக்கு அதை வைத்துத்தான் மர்ஃபி என்று பெயர். அவன் வாயில் அது பர்ஃபி ஆகிறது. கடற்போராளி கிழங்காகி, கட்டிலாகி, பெட்டியாகி, முடிவில் இனிப்புக்கடைத் தட்டில் வந்து அமர்ந்தான். கருதுகோள் நிறுவப்பட்டது.

இயல் 6: முடிவுரை

பெயர் இவ்வளவு தேய்ந்தபின் கார்க் சீமைக் கிராமங்களில் ஒரு மர்ஃபியை எப்படி அடையாளம் காண்பது? அவர்கள் கண்ட வழி எளிது. செம்பட்டை முடியென்றால் ‘ரூவா’ என்று ஒட்டுவார்கள். இல்லையேல் பெயரோடு அப்பன் பெயரையும், தேவைப்பட்டால் பாட்டன் பெயரையும் சேர்த்துவிடுவார்கள். பாட்டன் பெயரால் தொடங்கிய ஏற்பாடு பத்து நூற்றாண்டு சுற்றி, மறுபடி பாட்டனிடமே வந்து நிற்கிறது. குடும்பப் பெயர் கைவிட்ட இடத்தில் பேரன் உறவு கைகொடுக்கிறது.

நலன்முரண் அறிவிப்பு

மாயவரத்தில் எங்கள் தெருவில் முதன்முதலில் ரேடியோ வாங்கியவர் என் தாத்தா. கூடத்து மர அலமாரி மேல், துணி மூடிய முன்புறமும் மஞ்சள் விளக்குமாக அது இருந்தது. குமிழைத் திருகினால் உடனே பாடாது. உள்ளே வால்வுகள் சூடேறி, லேசாகப் புழுதி வாசனை வந்த பிறகுதான் இலங்கை வானொலி மெல்ல எழும். சுவருக்குச் சுவர் வலைநாடா ஏரியல் கட்டியிருக்கும். ஆண்டுதோறும் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்டி வில்லை ஒட்டிய புத்தகத்தைத் தாத்தா பத்திரம் போல இரும்புப்பெட்டியில் வைப்பார். சாயங்காலம் தெருவே திண்ணைக்கு வந்துவிடும்.

அதனால் அது மர்பி வீடு, தாத்தா மர்பிக்காரர், நாளடைவில் வெறும் மர்பி. அவருடைய சொந்தப் பெயர் பட்டாவிலும் ரேஷன் கார்டிலும் மட்டும் பிழைத்திருந்தது. விடுமுறைக்குப் போய் இறங்கினால், கோடிவீட்டு ஆயா நெற்றிக்கு மேல் கையை வைத்து உற்றுப் பார்க்கும்.

“யாரு, மர்பி பேரனா?”

இதை ஐரிஷில் பெயர்த்தால் ஓ முரகூ. அயர்லாந்தின் மர்ஃபிகள் தொலைத்துவிட்டுத் தேடாமலே இருந்த அந்தப் பேரனை, ஒரு கிழவி காவிரிக்கரைத் தெருவில் எடுத்து வைத்திருந்தாள்.

“ஆமா, ஆயா” என்றேன். இவ்வாய்வில் நேரில் திரட்டிய சான்று அது ஒன்றே.