பன்னெண்டு மணிக்குள்ள ரொட்டி வாங்கிடு, மாப்ளே

மாப்ளே, நீ அனுப்பின சைக்கிள் போட்டோ வந்து சேந்துது. பளபளன்னு இருக்குது. ஒத்தை விரல்லயே தூக்கலாம்னு வேற எழுதியிருக்கே. நல்லதுதான், ஏத்தத்துல அதைத் தூக்கிக்கிட்டு நடக்கறப்போ அந்த அருமை உனக்கே தெரியும். ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல, பெல்லுகூட இல்ல. "இத்தனை இல்லாததுக்கா இவ்வளவு காசு?"ன்னு உங்க அத்தை கேட்டா. படிச்ச புள்ள, கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருப்பான்னு சொல்லி அடக்கி வச்சிருக்கேன். பெல்லு மட்டும் ஒண்ணு மாட்டிக்க. இந்த பிரான்ஸ் நாட்டுச் சட்டப்படி சைக்கிளுக்கு பெல்லு கட்டாயம், 50 மீட்டர் தள்ளியும் கேக்கணும். ஹெல்மெட்டு 12 வயசுக்குக் கீழ உள்ள பசங்களுக்குத்தான் கட்டாயம். உன் திட்டத்தைப் படிச்சப்புறம், நீயும் அந்தக் கணக்குல சேந்துக்கறது நல்லதுன்னு பட்டுது.

காலையில ஃபிஜாக்ல கெளம்பி, செலே ஆத்தோரமா எறங்கி, காஓர் பாலத்தைத் தொட்டுட்டு, லொத் ஆத்தோரமாத் திரும்பி, பொழுது சாயறதுக்குள்ள ஃபிஜாக்குக்கே வந்துடுவியாமே. செய் மாப்ளே, தாராளமா செய். தலையை நல்லாக் குனிஞ்சுக்க. கைப்புடியில மாட்டியிருக்கற பொட்டியில ஓடற நம்பரை விட்டுக் கண்ணை எடுத்துடாதே. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை நெட்டுக்குத்தா நிக்கும், இன்னொரு பக்கம் ஆறு வளைஞ்சு வளைஞ்சு போவும், நடுவுல சின்னதா ஒரு தார் ரோடு. அதெல்லாம் நம்பர்ல வராது, அதனால நீ பாக்கணும்னு அவசியம் இல்ல. என்ன, அதே நம்பரை வேளச்சேரி மொட்டை மாடியில சைக்கிளை மாட்டி வச்சு மிதிச்சாலும் எடுத்துடலாம், பிளேன் டிக்கெட்டு மிச்சம்னு மாமனுக்குத் தோணுது. பாகூர்லேருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குச் சொல்தாவா வந்து, பென்சன் வாங்கி, லொத் ஆத்தங்கரையிலேயே ஒக்காந்துட்டவன் புத்தி அப்படித்தான் போவும். எங்களை ஓடச் சொன்னா எதுக்குன்னு கேக்காம ஓடுவோம், அதுக்குச் சம்பளம் குடுத்தான். நீ கைக்காசு போட்டு ஓட வர்றே.

மொதல்ல ஃபிஜாக். ஷாம்போலியோன் 1790ல பொறந்த ஊரு. எகிப்துக்காரன் கல்லுல செதுக்கி வச்ச பட எழுத்தை 1822ல படிச்சுக் காட்டின மகராசன். அவரு வீட்டுப் பக்கத்துல ஒரு முத்தத்துத் தரையில ரொசெட்டா கல்லைக் கறுப்புக் கல்லுல பிரம்மாண்டமாப் பதிச்சிருக்கான். ஜோசப் கொசுத்னு ஒரு அமெரிக்கக் கலைஞர் 1991ல செஞ்சது. அது மேலயே நடக்கலாம். நடந்து பாத்துட்டு, தெருவுக்கு வந்து ரொட்டிக்கடைக் கதவுல ஒட்டியிருக்கற நேரத்தைப் படி. ஷாம்போலியோன் எழுந்து வந்தாலும் திணறுவாரு. இந்தக் கடை திங்கக்கெழமை லீவு, அடுத்த ஊருக் கடை புதன்கெழமை லீவு, மூணாவது ஊருல கடையே இல்ல, வண்டியில ரொட்டி வரும். ஞாயித்துக்கெழமை மத்தியானத்தோட சரி. ஒண்ணு மட்டும் எல்லா ஊருக்கும் பொது. கோயில் மணி பன்னெண்டு அடிச்சா ஷட்டர் எறங்கிடும். அதுக்கப்புறம் ஊரே சாப்புடுது. ரெண்டு மணிக்கு நீ ஓட்டல்ல போயி நின்னா, அடுப்பு அணைஞ்சிருக்கும், அம்மா தரை தொடைச்சுக்கிட்டு இருப்பாங்க. உன் சைக்கிள்ல எத்தனை பல்லு இருந்தாலும் அங்க கடிக்க ஒண்ணும் கெடைக்காது.

ரொட்டிக்கடைக்குள்ள நொழையறதுக்கும் ஒரு மொறை இருக்குது. போன மாசம் ஒரு பையன் வந்தான், உன்னாட்டமே ஒடம்போட ஒட்டின உடுப்பு. ஷூவுக்கு அடியில பெடலைக் கவ்வற கட்டையோட டக்கு டக்குனு தரையில வழுக்கிக்கிட்டே வந்து, நேரா கவுன்ட்டர்ல "ரெண்டு பகெத்"துன்னான். நாலு பாட்டிங்க கையில பையோட திரும்பிப் பாத்தாங்க. கடைக்கார அம்மா அவனைப் பாத்து, ரொம்பப் பொறுமையா, "போன்ழூர், முசியே"ன்னாங்க. அவன் மறுபடி "ரெண்டு பகெத்". அந்த அம்மாவும் மறுபடி "போன்ழூர், முசியே". மொதல்ல வணக்கம் சொல்லணும்னு மூணாவது வாட்டிதான் அவனுக்கு வெளங்கிச்சு. காது வரைக்கும் செவந்துபோயி, நாலு பாட்டிக்கும் தனித்தனியா போன்ழூர் சொன்னான். அப்புறம் அந்தப் பாட்டிங்களே அவனுக்கு வழி சொன்னாங்க, பாலம் எந்தப் பக்கம், கெணறு எந்தப் பக்கம்னு. உன் போன்ல இருக்கற மேப்பு இதுல பாதி சொல்லாது.

மேப்புன்னதும் ஞாபகம் வருது. காகித மேப்பு ஒண்ணு வாங்கிக்க, மிஷ்லேன் கம்பெனிக்காரன் போட்டது போதும். மஞ்சக் கோடும் வெள்ளைக் கோடும்தான் நம்ம ரோடு, செவப்பு பக்கமே போகாதே. ஓரத்துல பச்சை போட்டிருந்தா கண்ணுக்கு அழகான ரோடுன்னு அவனே ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். ரோட்டுக் குறுக்க அம்புத் தலையாட்டம் சின்னக் குறி போட்டிருப்பான் பாரு, அதை மட்டும் கண்ணாடி போட்டுக்கிட்டுப் படி. ஒத்தைக் குறின்னா ஏத்தம் அஞ்சு சதவீதத்துக்கு மேல, ரெண்டுன்னா ஒம்பதுக்கு மேல, மூணு இருந்தா பதிமூணுக்கு மேல. மூணு குறி போட்ட எடத்துல எந்தக் கடவுளைக் கும்புடணும்னு அவன் போடல.

ஆத்தோரம் மட்டும் போனா ஏத்தம் கொறவு. செலே பள்ளத்தாக்குல D41 ரோடு ஆத்தை விட்டு ரொம்ப விலகாது. அடுத்த ஆத்துக்குத் தாவறேன்னு நீ குறுக்கு வழி புடிச்சியோ, நடுவுல கோஸ்னு சொல்ற சுண்ணாம்பு மேட்டுல ஏறியே ஆவணும். மேல தண்ணி கெடையாது, கல்லுச் செவுரும் குட்டை ஓக்கு மரமும்தான். ஆடுங்க மேயும். வெள்ளை ஆடு, கண்ணைச் சுத்தி மட்டும் கறுப்பு, கூலிங்கிளாஸ் போட்டாப்புல. நீயும் உன் கறுப்புக் கண்ணாடியோட மூச்சு வாங்கி நிக்கறப்போ பேதம் தெரியாம மந்தையில ஓட்டிக்கிட்டுப் போயிடப் போறாங்க.

சின்ன கியர் போட வெக்கப்படாதே. இந்த நாட்டுல போல் த விவின்னு ஒரு பெரியவர் இருந்தாரு, செயிண்ட்-எத்தியேன்ல வாழ்ந்தவரு, 1853ல பொறந்தவரு, வெலோசியோன்னு சொன்னாத்தான் சைக்கிள்காரனுக்குத் தெரியும். ஏத்தத்துக்கு ஒரு கியரு, சமதரைக்கு ஒரு கியருன்னு வேணும்யான்னு காலம் பூரா வாதாடினவரு. பசிக்கறதுக்கு முன்னாடி சாப்புடு, வீம்புக்கு மிதிக்காதேன்னு சிஷ்யப் புள்ளைங்களுக்குச் சொல்லுவாரு. தூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நடத்தின தெக்ராஞ்சுக்கு இது ஆகல. ஆம்பளைன்னா ஒரே கியர்லதான் மலை ஏறணும்னாரு. கியர் மாத்தற கருவியைப் பந்தயத்துல உள்ள விட 1937 ஆச்சு, வெலோசியோ அப்போ செத்து ஏழு வருசம். அவரு செயிச்ச வழக்குக்கு நீ மரியாதை குடு. ஆள் பாத்தா இறுக்கி மிதிக்கறது, ஆள் போனதும் மூச்சு வாங்கறது, இதெல்லாம் எங்களுக்கு ஜன்னல் வழியா நல்லாவே தெரியும்.

தண்ணிக்கு அலையாதே. கல்லறைத் தோட்டம் எங்க இருக்குன்னு பாரு. பூவுக்கு ஊத்தறதுக்கு வாசப் பக்கம் ஒரு கொழாய் இருக்கும். குடிக்கக்கூடாதுன்னு எழுதி மாட்டியிருந்தா மட்டும் விட்டுடு. சைக்கிளைச் செவுத்துல சாச்சுட்டு, நெறப்பிக்கிட்டு, பக்கத்துல கொஞ்சம் நில்லு. பெரும்பாலும் மேரின்னு சொல்ற ஊராட்சி ஆபீசுக்கு எதிர்லயோ கோயிலுக்கு எதிர்லயோ ஒரு கல்லுத் தூணு நிக்கும், 1914-18 சண்டையில செத்தவன் பேரெல்லாம் செதுக்கி. ஊருல முப்பது வீடுதான் இருக்கும், கல்லுல இருபது பேரு இருக்கும். ஒரே குடும்பப் பேரு மூணு வாட்டி வரும். நம்ம பாண்டிச்சேரி கடற்கரையில நிக்கறதும் இதே சண்டைக்குத்தான், நம்ம பக்கத்து ஆளுங்களும் போயிச் செத்தாங்க. இதுல நையாண்டி எதுவும் இல்ல மாப்ளே, படிச்சுட்டுப் போ.

"ரோடு அமைதியா இருக்கு, வண்டியே இல்ல"ன்னு எல்லாரும் வந்து மெச்சிக்கறீங்களே, எதனால அமைதின்னு ஒருத்தனும் கேக்கறதில்ல. இந்த லொத் மாவட்டத்துல 1851ல கிட்டத்தட்ட 3 லட்சம் பேரு இருந்தாங்க. இப்ப 1,75,000 பக்கம். திராட்சைக் கொடிக்கு வேர்ப்பூச்சி வந்து தோட்டம் தோட்டமாப் போச்சு, அப்புறம் சண்டை வந்துது, மிச்சம் இருந்த பசங்க துலூஸுக்கும் பாரீசுக்கும் வேலைக்குப் போனாங்க. ஆளு போயிட்டான், ரோடு இருக்குது, மாவட்டக் காசுல அதுக்கு ஒழுங்காத் தாரும் போடறான். நீ அதுல மிதிக்கறே. பையில பிளாஸ்டிக் உறையில போட்ட சக்தி மாவை ஊர்லேருந்தே கட்டிக்கிட்டு வந்து, இங்க ஒரு பகெத்து, ஒரு துண்டு ரோக்கமதூர் ஆட்டுச் சீஸு கூட வாங்காமப் போனேன்னா, அடுத்த வாட்டி வர்றப்போ இன்னும் அமைதியா இருக்கும், சந்தோசப்பட்டுக்க.

வழியில நிக்கவேண்டிய எடம் நெறைய இருக்குது, நீ எங்க நிக்கப்போறே. எஸ்பாஞாக், மார்சியாக் எல்லாம் பழைய மடத்துக் கோயில் இருக்கற ஊரு, மார்சியாக்ல பாதி கூரை இல்லாம வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும். கப்ரரே மட்டும் விடாதே. பெஷ் மெர்ல் குகை அங்கதான். 1922ல ரெண்டு பையனுங்க பொந்துக்குள்ள நொழைஞ்சு கண்டுபுடிச்சது. ஊர்ச் சாமியார் லெமோஸிதான் அவங்களுக்கு இந்தக் குகை ஆசையை ஊட்டினவரு. உள்ள செவுத்துல ரெண்டு குதிரை, ஒடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, சுத்தி மனுசன் கை வச்சு ஊதின அச்சு. இருபத்தஞ்சாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சுங்கறான். ஒரு நாளைக்கு இத்தனை பேருதான்னு கணக்கு வச்சு உள்ள விடுவான், முன்கூட்டியே சீட்டு எடுத்துக்க. சேன்-சீர்-லபோப்பியைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம், பாறை உச்சியில தொத்திக்கிட்டு நிக்கற ஊரு, 2012ல பிரான்சுக்காரன் ஓட்டுப் போட்டு மொத எடம் குடுத்தான். அன்னியிலேருந்து காரு நிறுத்த எடம் இல்ல. விடியக்காலையில ஏறிட்டு எறங்கிடு.

காஓர் பாலத்தை நீ தொட்டுட்டுத் திரும்பப்போறே இல்ல, அதைக் கட்டின கதை கேட்டுட்டுத் தொடு. வலான்த்ரே பாலம், 1308ல ஆரம்பிச்சான், முடிக்க எழுபது வருசம். கட்டற மேஸ்திரிக்குப் பொறுமை போச்சாம், உன்னாட்டமே வேகமா முடிக்கணும்னு பிசாசுகிட்ட ஒப்பந்தம் போட்டான். சொன்ன வேலையெல்லாம் பிசாசு செஞ்சுட்டா மேஸ்திரி உசுரு அதுக்கு. வேலை முடியற நேரத்துல மேஸ்திரி சல்லடையைக் குடுத்து, ஆளுங்களுக்கு இதுல தண்ணி கொண்டாடான்னுட்டான். பிசாசு தோத்துது. அந்தக் கோவத்துல தெனம் ராத்திரி நடுக் கோபுரத்து உச்சிக் கல்லு ஒண்ணைப் புடுங்கிப் போட்டுதாம். 1879ல பாலத்தைப் புதுப்பிச்ச போல் கூன்ற கட்டடக்கலைஞரு, கல்லைப் புடுங்கற மாதிரி ஒரு குட்டிப் பிசாசைச் செதுக்கி அந்த மூலையில வச்சாரு. அண்ணாந்து பாத்தாத் தெரியும். பாலத்துல வண்டி போறதில்ல, எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ. உன் ஷூ டக்கு டக்குங்கும், பரவாயில்ல.

ரோட்டு மொறை ஒண்ணு சொல்லிடறேன். ஊருக்கு வெளிய கார்க்காரன் உன்னைத் தாண்டறப்போ ஒண்ணரை மீட்டர் விடணும், சட்டம். பெரும்பாலும் விடுவான். ஆனா போர்டு இல்லாத முக்குல வலது கைப்பக்கத்துலேருந்து வர்றவனுக்குத்தான் வழி, அவன் டிராக்டர்ல மாட்டுச் சாணி ஏத்திக்கிட்டு வந்தாலும் சரி. நின்னுடு. டிராக்டர்காரன் கை ஆட்டினா பதிலுக்கு ஆட்டு.

ஆகஸ்ட் வேண்டாம், செப்டம்பர்ல வா. பாரீஸ் ஒஸ்தெர்லிட்ஸ் ஸ்டேஷன்லேருந்து காஓருக்கு ரயில் இருக்குது, சைக்கிளுக்குத் தனியா எடம் பதிஞ்சுக்க. ஒரு நாள் திட்டத்தை நாலு நாளா ஆக்கு, வீட்டுல கட்டில் இருக்குது. உன் பொட்டியில அந்தச் சக்தி மாவுக்கு வச்சிருக்கற எடத்துல அக்கா போட்ட எலுமிச்சங்கா ஊறுகாயை வச்சுக் கொண்டா. ரெண்டு பாட்டிலா இருக்கட்டும். ஒண்ணு ரொட்டிக்கடை அம்மாவுக்கு.