தங்கவயலுக்கு ஒரு பொடிக் கார்

பிள்ளை கார் கேட்டால் பொம்மைக் கடைக்குப் போகிற அப்பா ஒரு ரகம். காயலான் கடைக்குப் போகிற அப்பா இன்னொரு ரகம்.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்துக் கொல்லர் ஒருவர் இரண்டாவது ரகம். மகன் ஆசைப்பட்டான் என்று பழைய இரும்பைப் பொறுக்கி, சுமார் 60,000 ரூபாயில் குட்டி ஜீப் ஒன்றைக் கட்டிவிட்டார். கிளப்பச் சாவி வேண்டாம். ஸ்கூட்டர் மாதிரி ஓர் உதை போதும். 2021 டிசம்பரில் அதன் வீடியோவைப் பார்த்த தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா, இது சாலை விதிகளுக்கு ஒத்துவராது, எங்களிடம் கொடுத்துவிட்டு எங்கள் பொலிரோ காரை வாங்கிக்கொள்ளட்டும் என்றார். அடுத்த மாதமே வண்டிகள் கைமாறின. பொம்மையைக் கொடுத்து நிஜத்தை வாங்கினால் எந்தப் பிள்ளைக்கும் அழுகைதான் வரும். அப்பாவுக்கு வந்திருக்காது.

இடுக்கியில் ஓர் ஆண் நர்ஸ், பிள்ளைகளுக்குக் குட்டி ஆட்டோ செய்து ‘சுந்தரி’ என்று பெயர் வைத்தார். ‘ஏய் ஆட்டோ’ படத்தில் மோகன்லால் ஓட்டிய அதே சுந்தரி. தொழில் புத்தி விடுமா? உள்ளே முதலுதவிப் பெட்டியும் உண்டு.

சீமான்கள் வீட்டிலும் இதே கூத்துதான். 1926இல் கார் தயாரிப்பாளர் எட்டோரே புகாட்டி தன் பந்தயக் காரைப் பாதியாகச் சுருக்கி, பேட்டரியில் ஓடும்படி செய்து இளைய மகன் ரோலண்டுக்குக் கொடுத்தார். பெரிய கார் வாங்க வந்தவர்கள் சின்னக் காருக்கு அடம்பிடிக்க, அதையும் விற்பனைக்கு விட வேண்டியதாயிற்று.

ஆனால், கோலார் தங்கவயல்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கார் வேறு.

வேல்ஸ் நாட்டில் நிலக்கரித் தூசு நுரையீரலில் படிந்து, இனிச் சுரங்கத்தில் இறங்க முடியாது என்றானவர்களுக்காக 1949இல் பார்கோட் என்ற ஊரில் ஆஸ்டின் நிறுவனம் ஓர் ஆலை திறந்தது. பெரிய கார் ஆலையில் வெட்டி மிஞ்சிய தகடுகளை வைத்து, ஜே-40 என்ற பெடல் காரை அவர்கள் செய்தார்கள். பானெட்டைத் தூக்கினால் உள்ளே பொய் எஞ்சின். அதற்கும் ஸ்பார்க் பிளக் மாட்டியிருப்பார்கள். ஹெட்லைட் எரியும், ஹார்ன் அடிக்கும். 1971 வரை சுமார் 32,000 கார்கள் வெளிவந்தன.

தங்கவயலில் மட்டும் தூசுக்குப் பஞ்சமா? சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அங்கே பாறை உடைத்த தமிழர்களின் நெஞ்சில் சிலிக்கா தூசு படிந்தது, சிலிகோசிஸ் வந்தது. 2001 பிப்ரவரி 28இல் மைன்ஸை மூடினார்கள். ஃபிட்டர், டர்னர் வீட்டுப் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இத்தனைக்கும் ஊரிலேயே பெமல் ஆலை இருக்கிறது. புல்டோசர் செய்கிற ஊருக்குப் பொம்மைக் கார் ஒரு பெரிய வேலையா?

மைன்ஸ் மூடிய நாளிலிருந்து தங்கவயல் கேட்காத வாக்குறுதி இல்லை. சயனைடு கழிவு மேடுகளில் மிச்சத் தங்கம் எடுக்கும் பேச்சுவரை கேட்டாயிற்று. மிச்சத் தகட்டில் கார் செய்யும் பட்டறை ஒன்றையும் யாராவது தொடங்கிப் பார்க்கட்டும். லேத் பிடிக்க ஆள் தேடி அலைய வேண்டாம். மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்தால் போதும்.