துருவைத் துருவுபவர்

அமெரிக்காவில் பழைய படைத்துப்பாக்கிகளைச் சேகரிப்போரிடையே, துப்பாக்கியால் சுடுவதைவிட அதன் குழலுக்குள் உற்று நோக்குவதையே பிறவிப்பயனாகக் கொண்ட ஒரு வகையினர் உண்டு. அவரைத் துருவைத் துருவுபவர் என அழைத்தல் தகும். 1891இல் ரஷ்யப் படை ஏற்ற, 1930இல் சோவியத் படை திருத்தியமைத்த மோசின்-நாகாந்த் துப்பாக்கிகள், சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் மலிவு விலையில் வந்திறங்கியமையே இவ்வினம் செழித்தமைக்குக் காரணம். காஸ்மோலின் எனப்படும் பழுப்புநிறப் பிசுக்கைப் பூசிப் பாதுகாத்த அத்துப்பாக்கியைத் துடைத்தெடுத்தபின், உள்ளே இருப்பது கண்ணாடியா, கரையான் அரித்த கட்டையா என்பது வாங்கியவரின் ஊழ்வினை.

சந்தையில் இவரை எளிதில் இனங்காணலாம். தாழ்ப்பாள்போல் நகரும் போல்ட்டை உருவி, குழலை விளக்கொளிக்கு நேரே உயர்த்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்து, இழவு வீட்டுக்கு வந்தவர்போல் ‘உச்’ கொட்டுபவர் அவரே. குண்டு சுழன்று நேரே செல்லும்பொருட்டுக் குழலின் உட்சுவரில் திருகாக வெட்டியிருக்கும் வரிகளையும், அவற்றைத் துரு அரித்துண்ட துருக்குழிகளையும் அவர் எண்ணுகிறார். விலை பேசும்வரை அத்துளை அவருக்குச் ‘சாக்கடைக் குழாய்’. படுமோசமான குழலுக்குச் சேகரிப்போர் இட்ட பெயர் அது. பணம் கைமாறியபின் அதே துளை ‘பனி படர்ந்த’ துளையாகிவிடுகிறது. அது நுண்குழிகளால் ஒளி சற்று மங்கிய குழலைக் குறிக்கும் சொல். சாக்கடை பனியாக உறைவதற்கு ஒரு ரசீது போதுமானது.

துருவின் மூலத்தை அவர் நன்கறிவார். ஊசி குத்தியதும் தோட்டாவின் அடியில் தீப்பற்றும் பிரைமர் என்னும் சிறு குப்பியில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தால், அது எரிந்து பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகிக் குழலில் படிந்து, காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். எண்ணெய் அவ்வுப்பைக் கரைக்காது. நீரே கரைக்கும் என்பதனால்தான் பிரிட்டிஷ் படையினர் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலில் ஊற்றினர். ஆயினும் இலவசமாகக் கிடைக்கும் குழாய்நீரில் இவருக்கு நம்பிக்கை பிறப்பதில்லை. சாளரக் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை வாங்கி, அதிலுள்ள அம்மோனியா உப்பை முறித்துவிடும் என நம்பிப் பீய்ச்சுகிறார். அவ்வுப்பு அமிலமுமன்று காரமுமன்று ஆதலால் முறிப்பதற்கு ஒன்றுமில்லை. திரவத்தில் கலந்துள்ள தண்ணீரே வேலையை முடித்துப் பெயரை அம்மோனியாவுக்கு விட்டுக்கொடுக்கிறது.

அதன்பின் உணவு மேசை அறுவை அரங்காகிறது. வெண்கலத் தூரிகை, தேய்ப்புப் பசை, துணித்துண்டுகள் ஆகியவற்றால் குழலைத் தேய்த்து, வெளிவரும் துணி செந்நிறமானால் துரு என்றும், கருநிறமானால் வெடிமருந்துக் கரி என்றும், நீலமானால் குண்டின் மேலுறையிலிருந்து ஒட்டிய செம்பு என்றும் நாடி பார்க்கும் வைத்தியரின் நிதானத்தோடு அவர் தீர்ப்புரைக்கிறார். இரவுணவு எப்போது என்று வீட்டார் கேட்கும் வினாவுக்கு மட்டும் தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது. துப்பாக்கியின் விலையைத் துப்புரவின் செலவு தாண்டிய ஒரு நன்னாளில் துரு முற்றிலும் நீங்க, குழிகள் முன்னினும் தெளிவாகப் புலப்படுகின்றன. துரு என்பது உருமாறிய இரும்பேயாதலால், அதை நீக்கினால் இரும்பு மீள்வதில்லை. இரும்பு இருந்த இடமே தெரியவருகிறது. குழி மறையும்வரை தேய்த்தால் வரிகளும் மறைந்து, துளை அகன்று, குண்டு பிடிப்பின்றித் தள்ளாடும்.

குழிகள் செம்பைத் தேக்கிச் சுத்திகரிப்பைக் கடினமாக்குமேயன்றி, குழல்வாயின் விளிம்பு பழுதுறாதிருந்தால் பல துப்பாக்கிகள் குழிகளோடும் குறி தவறாமல் சுடும். இதைச் சோதிக்க மோசின் கொள்ளும் ஐந்து தோட்டாக்களே போதும். ஆனால் சுட்டால் குழல் அழுக்காகுமே என்பது அவர் கவலை. ஒருகாலத்தில் மலிவாகக் கிடைத்த பழைய சோவியத் தோட்டாக்களிலும் அதே உப்புப் பிரைமர் இருப்பதால், அக்கவலை முற்றிலும் பொய்யுமன்று. நண்பரொருவர் வற்புறுத்திச் சுட்டு, தாளில் ஐந்து துளைகளும் கையகலத்துள் அடங்கியிருப்பதைக் காட்டும்போதும், அவர் போல்ட்டை உருவிக் குழலை வெயிலுக்கு நேரே தூக்கி ஆறாவது துளையையே நோக்கிக்கொண்டிருப்பார்.