மணலின் பெயர் கொண்ட மனிதர்

கேள்வி: பழைய பிரிட்டிஷ் அரங்குகளில் நெருப்புப் பிடித்தால் "தீ, தீ" என்று கூவாமல், யாரோ ஒருவர் பெயரைச் சொல்வார்களாமே! யார் அவர்?

பதில்: மிஸ்டர் சாண்ட்ஸ் என்பது அவர் திருநாமம், ஜனனமும் இல்லை, மரணமும் இல்லை. தீயணைக்கவென்று சுவரோரம் வாளிகளில் நிரப்பித் தொங்கவிட்டிருந்த மணலே அவருக்குப் பெயரிட்ட பிதா என்பார்கள். "மிஸ்டர் சாண்ட்ஸ் முன்கூடத்தில் இருக்கிறார்" என்ற வாக்கியம் செவியில் விழுந்த மாத்திரத்தில், டிக்கெட் கிழிப்பவர் முதல் இருக்கை காட்டுபவர் வரை, நெருப்பு இருக்கும் ஸ்தலம் அதுவே என்றறிந்து, சபையோர் கலவரமடையாதபடி தத்தம் காரியத்தில் இறங்கிவிடுவார்கள்.

இந்த ரகசியம் அவசியமானதே. நைட்ரேட்டினால் செய்த அக்காலத்துப் பிலிம், நீரில் அமிழ்த்தினாலும் அணையாது எரியும். ஆயினும் அதனினும் கொடியது பீதி. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், 1929 டிசம்பர் 31 அன்று, கிளென் சினிமாவில் ஒரு பிலிம் சுருள் கக்கிய புகையைக் கண்டு மிரண்டோடிய குழந்தைகள், பூட்டிக் கிடந்த வெளிவாயிலருகே ஒருவர்மேலொருவர் விழுந்து, நெரிசலிலும் மூச்சுத் திணறலிலும் 71 பேர் மாண்டனர். அரங்கமோ எரியவேயில்லை! கதவைப் பூட்டி வைத்தபின் எந்தச் சங்கேதமும் வீண்தான்.

சாண்ட்ஸ் இன்னும் ஓய்வு பெறவில்லை. லண்டன் ரயில் நிலையங்களின் ஒலிபெருக்கியில் "இன்ஸ்பெக்டர் சாண்ட்ஸ்" என்ற உத்தியோக உயர்வோடு அழைக்கப்படுகிறார். அடுத்த முறை சினிமாவுக்குப் போகும்போது, விளக்கணையுமுன் வெளிவாயில் எங்கே என்று பார்த்து வையுங்கள்.