அமுக்குமுன்னே கேளும், மருமவனே

வாரும் மருமவனே, உக்காரும். ஹாம் ரேடியோ சங்கத்துக்குச் செயலாளர் ஆயிட்டீராமே! எதிர்த்து நிக்க ஒருத்தன்கூட வரலையாம், ஏகமனதாத் தேர்ந்தெடுத்தாங்களாம். அன்னைக்கே உமக்குச் சந்தேகம் வந்திருக்கணும். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க?

போகட்டும். சங்கத்தை நடத்துற வழி பொறவு சொல்லுதேன். முதல்ல இழுத்து மூடுற வழியைச் சொல்லித்தாரேன், அதுதான் ரொம்பச் சுளுவு. ஒருநாள் சத்தமில்லாம மலை ஏறி, நம்ம குரலை வாங்கித் திருப்பிச் சொல்லுற ரிப்பீட்டரோட டோனை மாத்திப்போடும். 88.5 ஹெர்ட்சுல இருந்ததை 123 ஆக்கும். மாத்தின சேதியை உமக்கு வேண்டிய ரெண்டே பேருகிட்டச் சொல்லும். அம்புட்டுதான் சோலி.

காதுல விழாம குரலுக்கு அடியில ஓடுற அந்த ஓசை சரியா வந்தாத்தானே ரிப்பீட்டர் கதவு திறக்கும்? மறுநாள் காலையில பாரும் கூத்தை. ஒருத்தன் தன் கைரேடியோ ஹேண்டி செத்துப்போச்சுன்னு திருப்புளியைத் தூக்குவான். இன்னொருத்தன் ஆண்டனாதான் கோளாறுன்னு மொட்டைமாடியில ஏறி எஸ்.டபிள்யூ.ஆர் பாப்பான். மூணாமத்தவன், ஏதோ பழைய கோவத்துல தன்னை மட்டும் வேணும்னே அடைச்சுட்டீருன்னு ஊரெல்லாம் சொல்லுவான். ஒரு மாசம் போனா ஆளுக்கொரு ரிப்பீட்டர் வைக்கப்போறதா மூணு கோஷ்டி கிளம்பிரும். ஒண்ணுக்கே சந்தா வசூலாகல, அது வேற கதை.

சங்கம் நல்லா இருக்கணும்னு ஆசை இருந்தா, டோனைத் தொடுறதுக்கு ஒரு வாரம் முந்தியே அந்த ரிப்பீட்டர்லயே அறிவிக்கணும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் எல்லாரும் ரேடியோவுல கூடுற நெட்ல ஒரு தடவை. அதைக் கேக்குறவங்கதானே அதைப் பயன்படுத்துறவங்க! அலைவரிசை, ஷிப்டு, டோன் மூணையும் சின்ன அட்டையில அடிச்சுக் கையில குடும். வாட்ஸ்அப்புல மட்டும் போட்டுட்டுக் கடமை முடிஞ்சுதுன்னு தூங்காதேயும். காலை வணக்கப் பூவுக்கும் பொறந்தநாள் கேக்குக்கும் நடுவுல உம்ம அறிவிப்பு மண்ணாப் போயிரும். மோர்ஸ் மட்டுமே அடிக்கிற கிழவனார் ஒருத்தர் இருக்காரே, அவருகிட்ட ஸ்மார்ட்போனும் கிடையாது, பொறுமையும் கிடையாது. அவருக்கு 7 மெகாஹெர்ட்சுல கட்டுக்கடகடன்னு அடிச்சே சொல்லிரும். சந்தோசப்படுவார். பதிலுக்கு அவர் அடிக்கிற வேகத்துல உமக்கு ஒண்ணும் வெளங்காது, பரவாயில்லை.

இந்த வாட்ஸ்அப்புல இன்னொரு வேடிக்கையும் உண்டு. இடது கையில ஹேண்டி, சார்ஜ் நிறைய இருக்கு. வலது கையில போனு. அதுல என்ன கேக்கான் தெரியுமா? “ரிப்பீட்டர் வேலை செய்யுதா?” ஏலே, கூறுகெட்டவனே, இடது கைப் பெருவிரலை லேசா அமுக்கி, கால்சைனைச் சொல்லிக் கேட்டாத் தெரிஞ்சுபோவுது! இது ஒரு வகை. இன்னொரு வகை, பேரும் சொல்லாம ஊரும் சொல்லாம டொப்புனு அமுக்கி, விட்டதும் ரிப்பீட்டர் இழுக்குற வால் கேக்குதான்னு பாத்துட்டு நைசா நழுவுறது. கால்சைன் சொல்லணும்கிறது சட்டம். பரீட்சை எழுதித்தானே லைசென்ஸ் வாங்கினான்? ஆனா அவனைக் கூட்டத்துல வச்சுத் திட்டாதேயும். அடுத்த டொப்பு கேட்டதும், “வணக்கம், யாரோ வந்திருக்கீங்க, பேரு சொல்லுங்க”ன்னு அன்பா விசாரியும். ரெண்டு தடவை விசாரிச்சா வெக்கப்பட்டாவது பேசுவான். பாதிப்பேரு புதுப்பயலுவ. என்ன பேசன்னு தெரியாமத்தான் அமுக்கிப் பாக்கான்.

பொதுக்குழுவுல ஒருத்தர் எந்திரிப்பார், “அந்த உருண்டை டப்பாவுக்கா இம்புட்டு ரூபா?”ன்னு. டூப்ளெக்சரைச் சொல்லுதார். நீரு அதைப் பக்கத்துல போயிப் பாத்திருக்கீரா? நெடுநெடுன்னு டப்பா வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணு தலையிலயும் ஒரு திருகு. ரிப்பீட்டர் ஒரே ஆண்டனாவுல, ஒரே நேரத்துல கேக்கவும் செய்யணும், பேசவும் செய்யணும். நம்ம 2 மீட்டர் பேண்டுல கேக்குற இடத்துக்கும் பேசுற இடத்துக்கும் 600 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. எங்கனயோ அடிவாரத்துல ஒருத்தன் 5 வாட்டுல முனங்குறது மேல வந்துசேரும்போது மைக்ரோவோல்ட் கணக்குலதான் இருக்கும். அதே கம்பி வழியா 25 வாட் வெளிய பாயும். தன் சத்தம் தன் காதை அடைக்காம காக்குறது அந்த டப்பாதான். அளக்குற கருவி இல்லாம எவனாவது ‘லேசா’ அந்தத் திருகைத் திருப்பினான்னா ரிப்பீட்டர் செவிடாயிரும். ஊரெல்லாம் கேக்குற மாதிரிப் பேசும், யாரு பேசினாலும் அதுக்குக் கேக்காது. அப்படியாப்பட்ட உறுப்பினர் நம்மகிட்ட ஏற்கெனவே நாலஞ்சுபேரு இருக்காங்க, இயந்திரமும் வேண்டாம்.

அவங்களுக்காகத்தான் டைமர் வச்சது. மூணு நிமிசத்துக்கு மேல விடாம பேசினா ரிப்பீட்டரே வாயைப் பொத்திரும். சொந்தக்காரன் கல்யாணச் சாப்பாட்டை இலையில விழுந்த வரிசைப்படி வர்ணிச்சுக்கிட்டு இருப்பாரு ஒருத்தரு. ரசத்துக்கு வரும்போது டைமர் வெட்டிரும். அது தெரியாம மோர் வரைக்கும் பேசி முடிப்பாரு. இது குழாயடி மருமவனே, ஒரு நேரத்துல ஒரு குடம்தான் வைக்கலாம். அதனால ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவர் உடனே பாயக்கூடாது. ரெண்டு விநாடி விடணும். அந்த இடைவெளியிலதான் அவசரக்காரன் “பிரேக்”னு சொல்லி நுழைய முடியும்.

அவசரம் எங்க வரப்போவுதுன்னு கேக்காதேயும். 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத்னு ஒரு அம்மா போர்ட் பிளேர் போயி நிலையம் போட்டிருந்தாங்க. அந்தமான்ல இருந்து ஹாம் குரல் கேக்குறதே அபூர்வம், உலகமே வரிசையில நின்னு பேசிக்கிட்டு இருந்துச்சு. 26-ஆம் தேதி கடல் ஏறி வந்துச்சு. போனு கிடையாது. விளையாட்டுக்குப் போட்ட அதே நிலையத்துல உக்காந்து, யாரு உசுரோட இருக்கா, என்ன வேணும்னு அந்த அம்மா சேதி கடத்துனாங்க. அது சிற்றலை, ரிப்பீட்டர் கிடையாது. ஆனா அன்னைக்கு ரசத்துக்கும் மோருக்கும் எவனும் அலைவரிசையை அடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா?

சத்தமாப் பேசினா நல்லாக் கேக்கும்னு நினைக்கிறவனுக்கு ஹாம்சாட் கதையைச் சொல்லும். 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து நம்ம பி.எஸ்.எல்.வி ஏத்திவிட்ட 42.5 கிலோச் சின்னச் செயற்கைக்கோள் அது, 2014-ல ஓஞ்சுபோச்சு. அதுல போறவன் வாரவன் எல்லாரும் இருந்த கொஞ்சூண்டு சக்தியைப் பங்குபோட்டுத்தான் பேச வேண்டியிருந்துச்சு. ஒருத்தன் வீட்டுல பெரிய ஆண்டனா வச்சு முழு பவரையும் திருப்பினான்னா மத்தவன் குரலெல்லாம் அமுங்கிரும். அவனுக்கு மட்டும் இன்னைக்குக் கோள் அருமையா வேலை செய்யுதேன்னு தோணும்.

கடைசியா ஒண்ணு. மலைமேல கொட்டகைச் சாவி, லைசென்ஸ் நகல், எந்த வயரு எங்கன போவுதுங்கிற படம், இதெல்லாம் ஒரே ஆளுகிட்ட இருக்கப்படாது. ரெண்டு மூணு பேருகிட்ட இருக்கட்டும். சில பேரு சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டு, எந்தச் செயலாளர் வந்து கேட்டாலும் “எங்கன வச்சேன்னு தேடிப் பாக்கேன்”னு வருசக்கணக்கா ஓட்டிருவான்.

என்ன வே, என் இடுப்பையே பாக்கீரு? ஞாயித்துக்கிழமை விடியக்காலம் புது பேட்டரியைத் தோள்ல தூக்கிக்கிட்டு வாரும். மேல கொட்டகை வாசல்ல வச்சுத் தாரேன்.